பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

 

மார்க்கச் சட்டம் சொல்லுகிறவன் தவறு செய்தால் அந்தத் தவறு அவனோடு நின்றுவிடுவதில்லை. கேட்டவர் வீட்டு அடுப்படி வரை போய்ச் சேருகிறது. இதை நான் எந்தக் கிதாபிலும் ஓதித் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பூனையால் தெரிந்துகொண்டேன். 12 ஆண்டுகளுக்கு முன்பு நடந்த அந்த நிகழ்ச்சியை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அதிலிருந்து எழும் கேள்விகளுக்கு வருகிறேன்.

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலையில் விராலிமலையைக் கடந்தால் கொடும்பாளூர். மூவர் கோயிலைப் பார்க்க வெளியூரார் வந்துபோகும் பழைய ஊர். மதுரைக்குச் செல்லும் பாதை மூன்றாகப் பிரியும் இடம் என்று சிலப்பதிகாரத்திலேயே இவ்வூர் குறிக்கப்பட்டிருக்கிறது. மதரஸாவில் ஓதி முடித்து ஸனது வாங்கிய கையோடு, இந்த வட்டாரத்துப் பள்ளிவாசல் ஒன்றில் இமாமாகச் சேர்ந்தேன்.

அங்கே ஒரு சாம்பல் நிறப் பூனை உண்டு. யாரும் வளர்த்ததல்ல. ஹவுளுக்குப் பக்கத்தில் நிழல் பார்த்துப் படுத்துக் கிடக்கும். ரமளான் வந்தது. நோன்புக் கஞ்சி காய்ச்சும் இடத்தையே அது சுற்றிச் சுற்றி வந்தது. பிள்ளைகள் கொட்டாங்குச்சியில் கஞ்சி ஊற்றி வைத்தார்கள், குடித்தது. வெங்காய வடையைப் பிய்த்துப் போட்டார்கள், தின்றது. முறுக்கு, ரொட்டி, தேங்காய்ச் சில், தயிர்ச்சோறு என்று எதைப் போட்டாலும் தின்றது. “இது பூனையில்ல அஜரத்து, மனுசன்!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

பெருநாள் முடிந்தது. கஞ்சி அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டோம். பூனையின் வயிற்றைக் கவிழ்த்து வைக்க முடியுமா? கஞ்சிக்கும் சோற்றுக்கும் பழகிய அது வீடு வீடாக நுழைந்து சட்டிகளைத் தேடத் தொடங்கியது.

ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்த நேரம். தெருக்கோடி வீட்டிலிருந்து பத்து வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்தான். தகப்பனை இழந்த பிள்ளை. தாய் கூலி வேலைக்குப் போய்த்தான் மூன்று பிள்ளைகளையும் வளர்த்து வந்தார். “அஜரத்து, காலையில வடிச்சு மோர் ஊத்தி வச்ச சோத்துல பூனை வாய வச்சிருச்சு. திங்கலாமான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னுச்சு” என்றான்.

எவ்வளவு சோறு, வீட்டில் வேறு என்ன இருக்கிறது, யார் யார் சாப்பிட வேண்டும் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. ஓதிய பாடம் நாக்கின் நுனியில் இருந்தது. “மக்ரூஹ் தம்பி. தவிர்ப்பதுதான் பேணுதல். கொட்டிவிடச் சொல்” என்று சொல்லிவிட்டேன். பையன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். மக்ரூஹ் என்ற சொல் விளங்காமல் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒன்றும் பேசாமல் போய்விட்டான்.

அடுத்த வாரமே இன்னும் இரண்டு மூன்று வீடுகளிலிருந்து புகார் வந்தது. வாலிபர் சிலர் அந்தப் பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி, நெடுஞ்சாலையைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். அது திரும்பி வரவில்லை. லாரிகளும் பஸ்களும் ஓயாமல் ஓடும் சாலை அது. பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வழி மூன்றாகப் பிரியும் ஊரில் நடந்த இந்த நிகழ்ச்சியும் மூன்று கேள்விகளாகப் பிரிகிறது. பூனை வாய் வைத்த உணவு கெட்டுவிட்டதா? பூனை செய்தது குற்றமா? குற்றம் இல்லையென்றால், நஷ்டத்துக்குப் பொறுப்பு யார்?

உணவு கெட்டுவிட்டதா?

நபித்தோழர் அபூகதாதா (ரலி) அவர்களின் மருமகள் கப்ஷா அம்மையார், மாமனாருக்கு உளூச் செய்யத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு பூனை தண்ணீரைத் தேடி வந்தது. அபூகதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, அது வயிறாரக் குடிக்கும் வரை காத்திருந்தார்கள். மருமகள் வியப்போடு பார்ப்பதைக் கண்டு, பூனை அசுத்தமான பிராணியல்ல, அது உங்களைச் சுற்றி வரும் பிராணிகளில் ஒன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துக் கூறினார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும், அபூதாவூத், திர்மிதி, நஸாயி, இப்னுமாஜா ஆகிய நூல்களிலும் பதிவான செய்தி இது.

சுற்றி வருவோர் என்ற அந்தச் சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். திருமறையின் நூர் அத்தியாயத்தில் ஓய்வு நேரங்களில் அனுமதி கேட்டு உள்ளே வரும் ஒழுங்கைச் சொல்லுமிடத்தில், வீட்டுப் பணியாளரையும் சிறு பிள்ளைகளையும் குறித்து இதே சொல் வருகிறது. மற்ற நேரங்களில் அவர்கள் உள்ளும் புறமும் போய் வந்துகொண்டிருப்பவர்கள். ஒவ்வொரு முறையும் தடுத்துக்கொண்டிருக்க முடியாது. நாயகம் (ஸல்) அவர்கள் பூனைக்கும் அந்தச் சொல்லையே பயன்படுத்தினார்கள். வீட்டுக்கு வெளியே நிற்கும் அந்நியனாக அல்லாமல், வாசற்படி தாண்டி வந்து போகும் வீட்டு ஜீவனாக அதை எண்ணியிருக்கிறார்கள்.

இதைவிட நம் கேள்விக்கு நெருக்கமான செய்தி ஒன்று அபூதாவூதில் இருக்கிறது. ஒரு பணிப்பெண்ணின் எஜமானி, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு ஹரீஸா கொடுத்தனுப்பினார். கோதுமையையும் இறைச்சியையும் குழைய வேகவைத்துக் கடைந்த உணவு அது. இன்று நாம் ஹலீம் என்று உண்பதற்கு முன்னோடி. பணிப்பெண் போனபோது அன்னையார் தொழுதுகொண்டிருந்தார்கள். வைத்துவிடும்படி சைகை செய்தார்கள். அந்நேரம் ஒரு பூனை வந்து அதில் வாய் வைத்துத் தின்றது. அன்னையார் தொழுது முடித்தார்கள். பூனை தின்ற அதே இடத்திலிருந்து எடுத்து உண்டார்கள். பின்பு, பூனை அசுத்தமல்ல என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதையும், அது குடித்து மீந்த தண்ணீரில் அவர்கள் உளூச் செய்ததைத் தாம் கண்டதையும் எடுத்துச் சொன்னார்கள்.

வேறு பக்கத்திலிருந்து எடுத்து உண்டிருக்கலாம். அதுவும் சட்டம் விளங்கப் போதும். ஆனால் கொண்டுவந்த பெண்ணின் மனத்தில் ஓர் அருவருப்போ சந்தேகமோ மிஞ்சக்கூடும். அதை வேரோடு களைந்துவிட அதே இடத்தைத் தேர்ந்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

இனி மத்ஹபுகளின் தீர்ப்பைப் பார்ப்போம். ஷாஃபிஈ மத்ஹபில் பூனை வாய் வைத்த தண்ணீரும் உணவும் சுத்தமானவை, மக்ரூஹும் இல்லை. ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரிடம் மக்ரூஹ். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களிடம் மக்ரூஹும் இல்லை. இங்கே மக்ரூஹ் என்பது தன்ஸீஹ் வகையைச் சேர்ந்தது. தவிர்ப்பது நல்லது, தவிர்க்காவிட்டால் பாவமில்லை என்பது அதன் பொருள். பூனை அப்போதுதான் எலியைத் தின்று, இரத்தம் ஒட்டிய வாயோடு தண்ணீரில் வாய் வைத்ததைக் கண்ணால் கண்டால் மட்டும் நஜீஸ் என்ற பேச்சு வரும். சற்று நேரம் கழித்து, வாயை நக்கிச் சுத்தம் செய்துகொண்ட பின் வந்திருந்தால் அந்தத் தீர்ப்பும் இல்லை.

ஹனஃபி அறிஞர்கள் இதற்கு மேலும் ஒரு விளக்கம் எழுதிவைத்தார்கள். பூனை தின்ற மீதியை உண்பது, அதற்குப் பதிலாக வேறு உணவு ஆக்கிக்கொள்ள வசதியுள்ளவருக்குத்தான் மக்ரூஹ். வசதியில்லாத ஏழைக்கு, அவசியத்தை முன்னிட்டு, மக்ரூஹ்கூட இல்லை. இந்தப் பாடத்தை நானும் ஓதியிருந்தேன். சட்டம் நினைவில் நின்றது. ஏழைக்குரிய பகுதி நினைவிலிருந்து நழுவிவிட்டது. வயிறு நிறைந்தவனின் நினைவு பெரும்பாலும் அப்படித்தான் வேலை செய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சுத்தம் என்பது தொழுகைக்கும் உணவுக்கும் உரிய மார்க்கத் தீர்ப்பு. அது மருத்துவச் சீட்டல்ல. பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை. கர்ப்பிணிகள் பூனையின் மலத்தைக் கையாளக் கூடாது. இவற்றைப் பேணுவதும் மார்க்கம்தான்.

பூனை திருடியதா?

திருட்டுப் பூனை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மார்க்கத்தில் திருட்டு என்றால் புத்தியும் பருவமும் அடைந்த ஒருவன், இது பிறர் பொருள் என்று அறிந்து, மறைவாக எடுப்பது. தூங்குகிறவன் விழிக்கும் வரை, சிறு பிள்ளை பருவமடையும் வரை, புத்தி பேதலித்தவன் தெளியும் வரை அவர்கள் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நபிமொழி. மனிதனுக்கே இப்படியென்றால், ஏவலும் விலக்கலும் ஏற்காத வாயில்லா ஜீவனுக்குக் குற்றம் ஏது? உன் சட்டி, என் சட்டி என்ற பிரிவினை அதன் உலகில் இல்லை. மணம் வந்தது, பசி இருந்தது, வாய் வைத்தது.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பூனைக்கு மோர்ச்சோற்றின் மேல் ஆசை எங்கிருந்து வந்தது? கஞ்சியும் வடையும் அதன் படைப்பில் எழுதப்பட்ட உணவா?

இல்லை என்கிறது உயிரியல். பூனை இறைச்சி தின்றே வாழ வேண்டிய பிராணி. டாரின் என்னும் ஒரு சத்து அதன் உடலில் போதிய அளவு உண்டாவதில்லை. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975-லும், இதயம் வீங்கித் தளரும் என்று 1987-லும் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இனிப்பு என்ற சுவையே பூனைக்குத் தெரியாது. நாவில் இனிப்பை உணர்த்தும் மரபணுக்களில் ஒன்று பூனையினத்தில் செயலற்றுக் கிடப்பதை 2005-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரத்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அப்படியானால் பாயசக் கிண்ணத்தையும் வட்டலப்பத் தட்டையும் அது ஏன் நக்குகிறது? பாலுக்காக, முட்டைக்காக, நெய்யின் கொழுப்புக்காக. நாம் சர்க்கரை என்று நினைத்துக் கொடுக்கிறோம். அது வேறொன்றைத் தேடித் தின்கிறது. மோர்ச்சோற்றிலும் அது தேடியது அரிசியையன்று. மோரில் இருந்த பாலின் சத்தையே.

கருவாட்டுச் சட்டியை அது விடாததற்கும் காரணம் தெரிந்திருக்கிறது. இறைச்சியின் சாரச் சுவையை உணரும் ஆற்றல் பூனையின் நாவில் நன்றாக அமைந்திருக்கிறது என்றும், சூரை மீனில் நிறைந்துள்ள பொருள்களே அதை மிகவும் ஈர்க்கின்றன என்றும் 2023-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்தச் சூரை மீனை அவித்து, புகையிட்டு, உலர்த்தினால் கிடைப்பதுதான் கடற்கரை ஊர்களில் நாம் வாங்கும் மாசி. மாசிச் சம்பல் இடிக்கும் வீட்டு வாசலில் பூனை ஏன் தவம் கிடக்கிறது என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம்விட என்னை நிறுத்தி யோசிக்க வைத்த ஆய்வு 1978-இல் வெளியானது. கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வாளர், தாய்ப் பூனைகளைச் செயற்கை முறையில் வாழைப்பழமும் உருளைக்கிழங்கு மசியலும் தின்னப் பழக்கினார். பிறகு பால் மறக்கும் பருவத்துக் குட்டிகளைத் தாயோடு விட்டுப் பார்த்தார். பக்கத்திலேயே இறைச்சி உணவு இருந்தும், தாய் தின்பதைப் பார்த்த குட்டிகள் வாழைப்பழத்தையே தின்றன! பூனையின் குலத்தில் இல்லாத ஆசை ஒரே தலைமுறையில் குட்டிக்கு ஏறிவிட்டது. யார் கொடுத்தது? தாய் கொடுத்தாள். தாய்க்கு யார் கொடுத்தது? மனிதன் கொடுத்தான்.

பள்ளிவாசல் பூனையின் கதையும் இதுதான். அதன் ஆசை நாங்கள் கொட்டாங்குச்சியில் ஊற்றிக் கொடுத்த ஆசை. சிரிப்புக்காகக் கொடுத்தோம். அதன் நன்மையை எண்ணிக் கொடுக்கவில்லை. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகை உண்டாக்கும். நோன்புக் கஞ்சியில் இரண்டும் உண்டு. வடையில் வெங்காயம் உண்டு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செரிப்பதில்லை. சாக்லேட் அதற்கு விஷம். பசித்த ஜீவனுக்கு உணவளிப்பதில் நன்மை உண்டு என்பது உண்மையே. தாகத்தால் நாவைத் தொங்கவிட்ட நாய்க்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவருடைய பாவம் மன்னிக்கப்பட்டதை ஹதீஸில் ஓதியிருக்கிறோம். ஆனால் அவர் நாய்க்கு வேண்டியதைக் கொடுத்தார். தமக்கு வேடிக்கையாக இருந்ததைக் கொடுக்கவில்லை.

சகோதரர்களே! பூனைக்குத் தன் பசி எது, பிறர் ஊட்டிய பழக்கம் எது என்று பிரித்தறியும் அறிவு இல்லை. ஆகவே அதற்குக் கேள்வி கணக்கில்லை. நமக்கு அந்த அறிவு உண்டு. நம் நஃப்ஸின் ஆசைகளில் எத்தனை நம்முடையவை, எத்தனை பிறர் கொட்டாங்குச்சியில் ஊற்றிக் கொடுத்தவை? நம்மைப் பார்த்து நம் பிள்ளைகள் எதைத் தின்னக் கற்கிறார்கள், எதற்கு ஆசைப்படக் கற்கிறார்கள்? தாய்ப் பூனையைப் பார்க்கும் குட்டியின் கண்கள்தான் ஒவ்வொரு வீட்டிலும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

பொறுப்பு யாருடையது?

பூனைக்குக் குற்றமில்லை என்றால் சோற்றை இழந்த வீட்டாரின் கதி என்ன? அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானா?

மார்க்கம் இங்கே இரு பக்கமும் பார்த்து நிறுத்துப் பேசுகிறது. பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவருடைய தோட்டத்துக்குள் புகுந்து பாழாக்கிவிட்டது. வழக்கு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு. இரவில் கால்நடை செய்யும் சேதத்துக்கு அதன் உடையவர் பொறுப்பு என்று தீர்ப்பளித்தார்கள். ஒட்டகத்தை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. காக்க வேண்டிய நேரத்தில் யார் காக்கவில்லை என்பதே அங்கே கேட்கப்பட்டது.

பூனையைப் பற்றியே ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூலில் தனித் தீர்ப்பு உண்டு. 1277-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜில், கோழி குஞ்சைப் பிடிப்பதும் உணவைப் பாழாக்குவதும் ஒரு பூனையின் அறியப்பட்ட வழக்கமாக இருந்தால், அது பகலில் செய்தாலும் இரவில் செய்தாலும் உடையவர் ஈடு செய்ய வேண்டும். அப்படி வழக்கமில்லாத பூனை ஒரு நாள் செய்துவிட்டால் ஈடு இல்லை என்பதையே சரியான கருத்தாக எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கம் தெரிந்தும் அவிழ்த்துவிட்டவன் பொறுப்பாளி.

எங்கள் பள்ளிவாசல் பூனைக்கு உடையவர் என்று ஒருவரும் இல்லை. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் யாரும் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு அந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் யார்? ஒரு மாதம் முழுக்க ஊட்டிவிட்டு, ஒரே நாளில் நிறுத்தியவர்கள் யார்? மனச்சாட்சியைக் கேட்டால் அந்த ஒரு சட்டிச் சோறு எங்கள் பள்ளிவாசலின் கடன். அதன் இமாமாகிய என் கடன்.

வீட்டாரின் பங்கும் உண்டு. இரவில் பாத்திரங்களை மூடிவையுங்கள், மூட ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒரு குச்சியையாவது குறுக்கே வையுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். நம் பாட்டிமார் உறி கட்டித் தொங்கவிட்டார்கள். எவ்வளவு அழகான ஏற்பாடு! பால் தப்பியது, பூனையும் அடிபடவில்லை. இன்றைக்கு எவர்சில்வர் மூடியும் கொக்கி வைத்த அலமாரியும் இருந்தும், திறந்து போட்டுவிட்டுப் பூனையின் முதுகில் விறகுக்கட்டையால் போடுகிறோம்.

அடிப்பதைப் பற்றியும் சாக்கைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. தொல்லை தரும் பூனையாக இருந்தாலும் அதை அடிக்கவோ காதைத் திருகி வதைக்கவோ கூடாது என்று ஹனஃபி அறிஞர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பூனையைக் கட்டிப்போட்டு நரகம் புகுந்த பெண்ணின் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. பூமியில் ஊர்வனவற்றைப் பிடித்துத் தின்ன அதை விடவும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று, நீ கொடு. இல்லையேல், அது தானே தேடிக்கொள்ள வழி விடு. நாங்கள் செய்தது என்ன? தானே எலி பிடித்துத் தின்னும் வழக்கத்தை மறக்கடித்தோம். பிறகு எங்கள் உணவையும் நிறுத்தினோம். கடைசியில் முன்பின் தெரியாத சாலையோரத்தில் கொண்டுபோய்க் கொட்டினோம். கயிறு கட்டவில்லை என்பதைத் தவிர அந்தப் பெண்ணுக்கும் எங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

முன்னோர் வேறு விதமாகச் செய்தார்கள். இமாம் நவவீ (ரஹ்) மறைந்த அதே 1277-இல் மறைந்த எகிப்து சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவுக்கு வடக்கே தம் பள்ளிவாசலுக்கு அருகில் இருந்த ஒரு தோட்டத்தைப் பூனைகளின் உணவுக்காக வக்ஃபு செய்தார். காலப்போக்கில் தோட்டம் கைமாறிப்போனது. ஆனாலும் அந்தத் தர்மம் அற்றுப்போகவில்லை. சுமார் 550 ஆண்டுகளுக்குப் பின், 1830-களில் கெய்ரோவில் தங்கியிருந்த எட்வர்டு லேன் என்ற ஆங்கிலேயர், காழியின் நீதிமன்ற முற்றத்தில் நாள்தோறும் அஸர் வேளையில் ஊர்ப் பூனைகளுக்கு உணவு வைக்கப்பட்டதை எழுதியிருக்கிறார். முறையாக வைத்தார்கள், குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் வைத்தார்கள். வயிறு நிறைந்த பூனை ஏழையின் சட்டியைத் தேடி ஏன் போகப்போகிறது?

நம் ஊர்ப் பள்ளிவாசலுக்குத் தோட்டம் வேண்டியதில்லை. மீன் கழுவும் வீட்டில் எறியும் தலையும் கழிவும், கறி ஆக்கும் வீட்டில் மசாலா சேர்க்குமுன் எடுத்துவைத்த ஒரு துண்டும், ஒரு கிண்ணம் தண்ணீரும் போதும். ரமளானில் தொடங்கி ஷவ்வாலில் நிறுத்தாமல் இருந்தால் போதும்.

அந்த வீட்டு வாசலில்

ஓராண்டு கழிந்தது. மாணவர் ஒருவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது, பூனையின் மீதியைப் பற்றிய அதே இடம் வந்தது. ஏழைக்கு மக்ரூஹ் இல்லை என்ற வரிக்கு வந்ததும் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. பேசாமல் நின்ற அந்தப் பையனின் முகம் கண்முன் வந்தது.

அன்று மஃரிபுக்குப் பின் அந்த வீட்டுக்குப் போனேன். பையன் உள்ளே ஓடிப்போய்ச் சொன்னான். தாய் கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். “அக்கா, போன வருடம் பூனை வாய் வைத்த சோற்றைப் பற்றிக் கேட்டனுப்பினீர்களே, அது சம்பந்தமாக ஒரு விஷயம்” என்று ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு நடுங்கும் குரலில் சொன்னார்:

“தெரிஞ்சு போச்சா அஜரத்து? நீங்க கொட்டச் சொன்னீங்க. நான் கொட்டல. வீட்ல அன்னைக்கு வேற ஒண்ணுமில்ல, பிள்ளைங்க பசியில அழுதுச்சுங்க. மேலாப்ல கொஞ்சம் எடுத்துப் போட்டுட்டு மீதியக் கொடுத்துட்டேன். ஆகாததப் பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டமேன்னு இந்த ஒரு வருசமா ஒவ்வொரு தொழுகையிலயும் தவ்பா கேட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கு மன்னிப்பு உண்டா அஜரத்து?”

அந்த வார்த்தை என்னை எப்படி அறுத்தது என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளின் பசியை ஆற்றிய தாய், மார்க்கம் அவருக்குத் தாராளமாக அனுமதித்த ஒன்றைச் செய்துவிட்டு, ஓராண்டு முழுவதும் குற்றவாளியாக ஸுஜூதில் கிடந்திருக்கிறார். அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றியது பூனையல்ல. சட்டத்தில் பாதியை மட்டும் நினைவில் வைத்திருந்த நான்.

“அக்கா, நீங்கள் செய்ததுதான் சரி. அதில் பாவமும் இல்லை, மக்ரூஹும் இல்லை. அன்னை ஆயிஷா நாயகி பூனை தின்ற இடத்திலிருந்தே எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்” என்று சொன்னேன். கதவுக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து, “அந்தப் பூனை என்னாச்சு அஜரத்து? பாவம், அதுக்கும் பசிதானே” என்றார். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அன்றிலிருந்து யார் எந்தச் சட்டம் கேட்டு வந்தாலும், தீர்ப்பைச் சொல்வதற்கு முன், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பள்ளிவாசல் கிணற்றடியில் ஒரு மண்கிண்ணத்தில் தண்ணீரும், மோதினார் வீட்டிலிருந்து வரும் மீன் தலைகளும் வைக்கப்படுகின்றன. புதிய பூனைகள் வருகின்றன. பிள்ளைகளுக்கு வடை கொடுக்கக் கூடாது என்று தெரியும். ஏன் என்றும் தெரியும்.

இரண்டு பக்கமும் நடிக்கிறவனைப் பார்த்து, ‘பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்’ என்று நம் ஊர்களில் ஏசுவார்கள். யோசித்துப் பார்த்தால் ஒரு முஸ்லிமிடம் ஷரீஅத் கேட்பதே இந்த இரண்டையும்தான். பிறர் வீட்டுப் பாலுக்குக் காவலாக இருக்க வேண்டும். வாசலில் சுற்றி வரும் பூனைக்கும் தோழனாக இருக்க வேண்டும். சட்டியை மூடத் தெரிந்தவனுக்குப் பூனையை அடிக்க வேண்டிய தேவை வருவதில்லை. பூமியில் ஊரும் உயிர் எதுவாயினும் அதன் ரிஸ்குக்குத் தானே பொறுப்பேற்றிருப்பதாக ஹூத் அத்தியாயத்தில் அறிவித்த இறைவன், அந்த ரிஸ்கில் ஒரு பிடியை நம் கை வழியாக அனுப்புகிறான். அந்தக் கை அதை வேடிக்கைக்காகச் சிந்தக் கூடாது. கோபத்தால் தடுக்கவும் கூடாது.

அறிந்ததை முழுமையாக அறியவும், சொல்வதை இரக்கத்தோடு சொல்லவும், நம்மைச் சுற்றி வரும் ஜீவன்களிடத்தில் நீதியாக நடக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.